வெளித் தாழ்ப்பாள்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நேரத்தை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, கேமராப் பதிவில் இருக்கிறது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நடுராத்திரி கிடையாது. மின்சாரம் போகாது. நாய் ஊளையிடாது. எல்லாமே சுள்ளென்று வெயில் அடிக்கிற மத்தியானத்தில், மூன்று மணி பத்து நிமிடத்துக்கு நடந்தது.

நடந்தது ஒரு தச்சருக்கு. பட்டறையில் அவருக்கு இழைப்புளி என்று பெயர். மரத்தை இழைக்கிற அந்தக் கருவி எப்போதும் கையில் இருக்கும் என்பதற்காக மட்டும் இல்லை. ஒரு விஷயம் மனதில் விழுந்துவிட்டால் தேய்த்துத் தேய்த்துச் சுருளாக்காமல் விடமாட்டார். அவர் அதிகம் தேய்த்தது தன் சகலையைத்தான். மனைவியின் தங்கை கணவர், காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர், வீடும் எதிர்வீடு. காலையில் கதவைத் திறந்தால் சகலையின் கார் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று இருபத்தைந்துக்கு, சகலை வீட்டுப் பூட்டை ஒருவன் கம்பியால் நெம்பினான். வீட்டில் யாரும் இல்லை. மாடியில் துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட, கம்பியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். ஒரு குண்டூசிகூடப் போகவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லோரும் சகலை வீட்டில்தான். போலீஸ்காரர் வந்து கதவைப் படம் எடுத்தார். சகலை அந்தக் கதையை ஏழு தடவை சொன்னார். ஏழு தடவையும் இழைப்புளி ஓர் ஓரமாக நின்று கேட்டார்.

கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. திருடன் வந்திருக்கிறான். நின்று இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, தன் வீட்டை ஒரு பொருட்டாக மதிக்காமல் எதிர்ப்பக்கம் போயிருக்கிறான்.

இதை மனைவியிடம் வாய்விட்டே சொல்லிவிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அந்த அம்மா மாத்திரை அட்டையைக் கத்தரிக்கிற மாதிரி பட்டென்று பேசுவார்.

"நம்ம வீட்ல என்ன இருக்குன்னு வருவான்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது போய் எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது.

அந்த வாரமே சகலை வீட்டில் வேலை தொடங்கியது. வாசலுக்கு இரும்புக் கிரில் கதவு. நான்கு மூலைக்கும் நான்கு கேமரா. எல்லாமே கைபேசியில் தெரியும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டுவது சகலைக்கு முழுநேர வேலையாகிவிட்டது. அலுவலக வேலையைக்கூட மத்தியானத்தில் வீட்டிலிருந்தே பார்த்தார். முன்பக்கக் கேமராவில் இழைப்புளியின் வாசலும் விழுந்தது. "உங்களுக்கும் சேர்த்துதான் சகலை பார்த்துக்கறேன்" என்று அவர் சொன்னது அன்பாகத்தான் இருக்க வேண்டும். இழைப்புளிக்கு அது பிச்சை போட்ட மாதிரி இருந்தது.

தன் வீட்டில் மட்டும் என்ன குறை? அவர் வீட்டு முன்கதவு சும்மா கதவு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், இடிக்கிற வீடுகளின் மரம் விற்கிற கிடங்கில் எடுத்தது. நான்கு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். வீட்டுக்கு நடுவில் இருந்த ஏதோ அறையின் கதவு என்று கிடங்குக்காரர் சொன்னார். அதில் மூன்று பெரிய தாழ்ப்பாள் இருந்த துளைகள் இருந்தன. மூன்றும் வெளிப்பக்கம். சாமான் அறையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். துளைகளை மரமுளை அடித்து மூடி, இழைத்து, உள்ளிருந்து திருப்பினால் திறக்கிற சாதாரணப் பூட்டு ஒன்றை வைத்துத் தன் வாசலில் மாட்டினார். இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

இப்போது அந்தக் கதவுக்கு வேலை வந்தது. மூன்று பித்தளைத் தாழ்ப்பாள்கள் வாங்கினார். முழங்கை நீளம். விவரம் தெரிந்தவர்கள் தாழ்ப்பாளை உள்பக்கம்தான் போடுவார்கள். ஆனால் உள்ளே போட்டால் சகலை கேமராவில் எப்படித் தெரியும்? வெளியே போட்டார். புதுசாகத் துளை போடவும் இல்லை. பழைய துளை இருக்கும்போது நல்ல தச்சன் மரத்தை மறுபடி குத்தமாட்டான். மரமுளைகளைத் தட்டி எடுத்தார். அதே மூன்று இடத்தில் தாழ்ப்பாள்களை வைத்து, போல்ட்டை வெளியிலிருந்து செருகி, நட்டுகளை உள்பக்கம் முறுக்கினார். ஒரு தாழ்ப்பாளுக்கு நான்கு நட்டு, மொத்தம் பன்னிரண்டு. வெளியிலிருந்து எவனும் கழற்ற முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொங்குபூட்டு. பின்கதவைப் பலகை வைத்து ஆணியடித்தே மூடிவிட்டார்.

பித்தளை வெயிலில் பளபளவென்று மின்னியது. எதிர்வீட்டுக் கேமராவைப் பார்த்து மனசுக்குள் ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கணவனும் மனைவியும் மூன்று தாழ்ப்பாளையும் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் ஆறே காலுக்கு வந்து திறந்தபோது உள்ளே, வாசற்படி ஓரம், ஒரு நட்டு கிடந்தது. சரியாக முறுக்கவில்லை போல என்று மறுபடி முறுக்கினார்.

செவ்வாய், மூன்று நட்டுகள்.

புதன், ஐந்து. உருண்டு சிதறிக் கிடக்கவில்லை. சுவர் ஓரமாக ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் வைக்கப்பட்டிருந்தன. கதவின் உள்பக்கம், இடுப்பு உயரத்தில், மரத்தில் நான்கு கோடுகள். கீழே பொடி. அவர் விரலில் தொட்டுப் பார்த்தார். புதுத்தூள்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே பயந்திருப்பார்கள். இழைப்புளிக்குப் பயம் வரவில்லை, சகலைதான் நினைவுக்கு வந்தார். பித்தளை பளபளப்பது அவருக்குப் பொறுக்கவில்லை, ஆள் வைத்துக் கழற்றப் பார்க்கிறார். சாவி எப்படிக் கிடைத்தது என்று மனைவியைக் குடைந்ததில், அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று தங்கையிடம் ஒரு கொத்து கொடுத்து வைத்தது வெளியே வந்தது. அவ்வளவுதான். நேரே எதிர்வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்பதை எழுதினால் நன்றாக இருக்காது. சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். தினமும் ஏழு மணிக்குத் தெருவில் நின்று அரைமணி நேரம் பேசுகிற அக்காவும் தங்கையும் அன்று பேசவில்லை. அக்கா வீட்டுக்குள்ளேயே இருந்தார். கணவரிடமும் பேசவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சகலையே வந்தார். வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர் கைபேசியை நீட்டினார்.

"நான் வரலைன்னு காட்டத்தான் எடுத்தேன் சகலை. இப்ப நீங்களே பாருங்க."

திரையில் இழைப்புளியின் வாசல். நேரம் 3:09. தெருவில் ஆள் இல்லை. படத்தின் ஓரத்தில் சகலை வீட்டுக் கொடியில் ஒரு வெள்ளைத் துண்டு, அசையாமல் தொங்குகிறது.

3:10.

மேல் பூட்டு ஆடியது. பிறகு நடுப்பூட்டு. பிறகு கீழ்ப்பூட்டு. கதவுக்கு வெளியே யாரும் இல்லை. துண்டு அசையவே இல்லை. பன்னிரண்டு நிமிடம் அந்த மூன்று பூட்டுகளும் ஆடிக்கொண்டே இருந்தன. 3:22-க்கு நின்றன.

சகலை குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உள்ள யாரையாவது வெச்சுப் பூட்டிட்டுப் போறீங்களா?"

கேமரா கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டார் இழைப்புளி. ஆனால் அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. சகலை முன்னால் தோற்றதாக ஆகிவிடக் கூடாது. அது என்ன என்று தானே கண்டுபிடித்து, சகலையைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. வழக்கம் போல வெளியே பூட்டிக்கொண்டு போ என்று மனைவியிடம் சொன்னார். மனைவி பூட்டிவிட்டு, எல்லாச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இழைப்புளி சமையலறையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து கூடம் முழுக்கத் தெரியும். முன்கதவும் தெரியும்.

பன்னிரண்டு. ஒன்று. இரண்டு. குழாய் சொட்டியது. எழுந்து இறுக்கி மூடினார்.

மூன்று ஐந்துக்கு ஒரு வண்டி போனது. அதற்குப் பிறகு தெருவில் சத்தமே இல்லை.

மூன்று பத்து.

க்ரீச்…

கூடத்தில் யாரும் இல்லை. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது.

க்ரீச்… க்ரீச்…

நடுத் தாழ்ப்பாளின் நட்டு ஒன்று, தானாகச் சுழன்றது. மெதுவாக. கால் சுற்று. நிறுத்தம். கால் சுற்று. அவர் இரண்டு கையாலும் ஸ்பேனர் பிடித்து முறுக்கிய நட்டு.

நட்டு கழன்றது. கீழே விழவில்லை. காற்றிலேயே இறங்கியது. சுவர் ஓரம் போய் அமர்ந்தது.

டிங்.

அடுத்த நட்டு.

டிங்.

அவர் சட்டென்று பின்னால் சாய்ந்தார். முக்காலி லேசாக நகர்ந்தது. தரையில் ஒரு சின்னக் கீறல் சத்தம். அவ்வளவுதான்.

நட்டு சுழல்வது நின்றது.

பிறகு… காலடிச் சத்தம். வெறுங்கால். கதவிலிருந்து சமையலறையை நோக்கி.

ஒன்று… இரண்டு… மூன்று…

பின்கதவைப் பார்த்தார். பலகை. அவரே அடித்த ஆணி.

கைபேசியை எடுத்தார். மனைவி வர அரைமணி ஆகும். எதிரே இருப்பது ஒரே ஆள். அந்த எண்ணைத்தான் அழுத்தினார்.

"சகலை… கதவைத் திறங்க."

"சாவி எங்கிட்ட எங்க இருக்கு? நீங்கதான வாங்கிட்டுப் போனீங்க."

"உடைங்க."

காலடி சமையலறை வாசலில் நின்றது. அங்கே எதுவும் இல்லை. ஆனால் தரையில் விழுந்திருந்த வெயிலில் ஓர் ஆள் அகலத்துக்கு வெயில் இல்லை.

வெளியே சுத்தியல் சத்தம். மேல் பூட்டு. நடுப் பூட்டு.

அந்த நிழல் திரும்பியது. கதவைப் பார்த்துத் திரும்பிய மாதிரிதான் அவருக்குத் தோன்றியது.

கீழ்ப் பூட்டு. கதவு திறந்தது.

ஓடி வந்து சகலையின் மேல் விழுந்தார் இழைப்புளி. சகலை அவரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவரைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் என்னை இடிச்சிட்டுப் போனாங்களே… யாரு?"

கேமராவில் அப்படி யாரும் பதிவாகவில்லை. 3:19-க்குக் கதவு திறக்கிறது. சகலை ஒரு பக்கமாகச் சாய்கிறார், யாரோ தோளில் இடித்த மாதிரி. அதற்கு அப்புறம்தான் இழைப்புளி வருகிறார்.

அக்காவும் தங்கையும் மறுபடி பேசிக்கொண்டார்கள். இழைப்புளி வீட்டில் அதற்குப் பிறகு ஒரு நட்டும் விழவில்லை. புதுப் பூட்டு வாங்கி அதே தாழ்ப்பாள்களில் மாட்டினார். ஏதோ வெயில் மயக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

மூன்று வாரம் கழித்துத் திருடன் அகப்பட்டான். புகாரில் கையெழுத்துப் போடச் சகலையையும், சாட்சிக்கு இழைப்புளியையும் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது இழைப்புளியால் அடக்க முடியவில்லை. போலீஸ்காரர் முன்னாலேயே கேட்டுவிட்டார். தன் வீட்டுக்கு ஏன் வரவில்லை?

திருடன் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"எதிர்ல இருக்கற கனமான கதவு வீடுதான? முதல்ல அங்கதான் வந்தேன்."

சொன்னால் சிரிப்பீர்கள். அந்த இடத்திலும் இழைப்புளிக்கு மனசு குளிர்ந்துபோனது. ஓரக்கண்ணால் சகலையைப் பார்த்தார். முதலில் அங்கேதான் வந்திருக்கிறான். முதலில்.

திருடன் பேசிக்கொண்டே போனான்.

"கம்பியை வெச்சேன். உள்ளருந்து ஒரு பொம்பளைக் குரல். ரொம்ப மெதுவா. 'வெளிய தாழ்ப்பாள் ஏதாவது இருக்கா?'ன்னு கேட்டுச்சு. என்னமோ நானும் பார்த்துட்டு, இல்லைன்னேன். 'அப்ப சரி, நான் இங்கயே இருந்துக்கறேன், நீ எதிர் வீட்டுக்குப் போ'ன்னு சொல்லிச்சு. மணி மூணு பத்து இருக்கும்."

அந்த நேரத்தில் இழைப்புளி பட்டறையில் இருந்தார். மனைவி மருந்துக்கடையில் இருந்தார்.

திரும்பி வரும்போது சகலைதான் கார் ஓட்டினார். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"எங்க கிரில் கதவுல நட்டு நிக்க மாட்டேங்குது சகலை. அந்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து. தினம் மத்தியானம் எடுத்து முறுக்கறேன்."

வரிசையாகவா இருக்கிறது என்று இழைப்புளி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

அன்றே மூன்று தாழ்ப்பாளையும் கழற்றினார். துளைகளில் மறுபடி மரமுளை அடித்து, வழவழவென்று இழைத்தார். நியாயமாகப் பார்த்தால் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. இரண்டு வருடம் அவர் வீட்டில் இருந்தது. கேட்காமலே காவல் காத்தது. எந்தக் கேமராவும் செய்யாததைச் செய்தது. இப்போது சகலை வீட்டில் இருக்கிறது.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் பட்டறைக்குப் போவதில்லை. மூன்று மணிக்கு முன்கதவை அகலத் திறந்து வைக்கிறார். முக்காலியில் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்க்கிறார்.

மூன்று பத்துக்கு அங்கிருந்து சத்தம் கேட்கும்.

டிங்.

"இங்க தாழ்ப்பாள் இல்லை…" என்பார், மெதுவாக.

டிங்.