ஃப்ரேமில் ஒரு கோடு

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். மதிப்பெண் சான்றிதழ், சாமி படம், பட்டா நகல் என்று பதினாறு வருடமாக மற்றவர்கள் பொருளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தவன், நாற்பத்து மூன்று வயதில் எனக்கென்று ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கினேன். கார்பன் ஃப்ரேம். ஒரு கையால் தூக்கிவிடலாம். கருநீலம், வெயிலில் மட்டும் நீலம் தெரியும்.

வந்த அன்றே அதை ஓட்டவில்லை. கார் பெயிண்டுக்கு மேலே ஒட்டுகிற கண்ணாடி மாதிரியான ஃபிலிமை ஏற்கெனவே வரவழைத்து வைத்திருந்தேன். எங்கள் ஊர்ச் சாலைகளில் ஜல்லி லாரிகள் அதிகம். அவை கொட்டிப் போகிற கற்பொடி உப்புக்காகிதம் போல அறுக்கும். ஃபிலிமுக்கு அடியில் ஒரு துகள் மாட்டிக்கொண்டாலும் கெடுதல்தான். அதனால் ஃப்ரேமை மூன்று முறை துடைத்தேன். என் மனைவி சோப்புத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துப் பீய்ச்ச, நான் பழைய ஏ.டி.எம். கார்டால் குமிழ் இல்லாமல் வழித்து ஒட்டினேன். செயின் அடிக்கிற பின்பக்கக் குழாய்க்குப் பழைய டியூபை வெட்டிச் சுற்றினேன். கேபிள் உரசும் இடங்களில் சின்னச் சின்ன வட்டங்கள் ஒட்டினேன். பொழுது சாய்ந்துவிட்டது. "பொண்ணுக்கு அலங்காரம் பண்ற மாரி பண்றீங்க," என்றாள் அவள்.

அதன் பிறகு வீட்டில் எல்லோருக்கும் சட்டம் போட்டேன். யாரும் அதைத் தொடக் கூடாது, எதிலும் சாய்க்கக் கூடாது. விருந்தாளிகள் வந்தால் அறைக்கதவைச் சாத்திவிடுவேன். தினமும் விடியலில் மேல்சித்தாமூர் வரை போய்த் திரும்பி, குளித்து, ஸ்கூட்டரில் கடைக்குப் போவது என் வழக்கமானது.

சித்திரை வெயில் தொடங்கிய சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கீழ்க்குழாயின் இடப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு கண்ணில் பட்டது. ஈரத்துணியால் தேய்த்தேன்; போகவில்லை. நகத்தை ஓட்டினேன், நகம் மாட்டியது. கல் தெறித்திருக்குமா என்று யோசித்தேன். எதுவும் தெறித்த நினைவில்லை. முந்தின நாள்கூட ஓட்டினேன். விடியல் இருட்டில் கவனித்திருக்க வாய்ப்பில்லை.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிட்டே வராமல் நிலைப்படியிலேயே நின்று பார்த்தாள். கார்பன் இரும்பு மாதிரி இல்லை, உள்ளே விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது, ஓடும்போதே திடீரென்று முறிந்துவிடும் என்று அவளிடம் விளக்கினேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அப்ப நீங்க இதுல போவாதீங்க," என்றாள். "யாராவது தெரிஞ்சவங்க பாத்துச் சொல்ற வரைக்கும் தொடாதீங்க."

இதைத் தட்டிப் பார்த்துச் சொல்ல எங்கள் ஊரில் ஆளில்லை. பாண்டியில் இந்த வகை சைக்கிள்களுக்கு ஒரு கடை உண்டு. பக்கத்துத் தெருக்காரர் பாண்டிக்குக் காய்கறி ஏற்றிப் போகும் சின்ன லோடு வண்டியில் செவ்வாய்க்கிழமை போவதென்று பேசி வைத்தேன். பள்ளிக்கு லேசில் விடுப்புப் போடாதவள் என் மனைவி. மழலையர் வகுப்பு ஆசிரியை. அவள் தானும் வருவதாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றாள்.

அவள் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால், கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில், போர்வை சுற்றிய சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். திண்டிவனம் வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் எனக்கு உயிர் போய்வந்தது.

கடையில் இருந்த மெக்கானிக் அதிகம் பேசாதவர். கோட்டை ஒரு முறை பார்த்தார். முடி உலர்த்தும் மெஷினை எடுத்து ஃபிலிம் மேல் சூடு காட்டி, ஓரத்தில் நகத்தால் கிளப்பி, வாழைப்பட்டையை உரிப்பது போல நிதானமாக உரித்தார். முழுக்க உரித்ததும் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கோடு அதில் இருந்தது. ஃப்ரேம் கருநீலமாக, நாங்கள் ஒட்டிய அன்றிருந்த மாதிரியே இருந்தது.

அவர் அதோடு விடவில்லை. ஒரு நாணயத்தை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்குமாம். டிக், டிக் என்று கடைசி வரைக்கும் ஒரே சீராகக் கேட்டது.

"ஃப்ரேம்ல ஒண்ணும் இல்ல சார். தாராளமா ஓட்டலாம். அடி வாங்கத்தான இத ஒட்றோம், அது வாங்கிக்கிச்சு."

நான் சிரித்துவிட்டேன். மூன்று நாளாகத் தோளில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. இதை அவளிடம் சொல்லத் திரும்பினால், அவள் ஸ்டூலில் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மெக்கானிக் பம்பு எடுக்கப் போகிறவர் மாதிரி உள்ளே போய்விட்டார்.

"நான்தாங்க கீழ போட்டேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி விட்டு வந்தவளுக்கு, அது எப்படித்தான் ஓடுகிறது என்று பார்க்க ஆசை. பத்தாவது வரை சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவள். நான் கடையில் இருந்த நேரம் எடுத்துப் போயிருக்கிறாள். ஏரிக்கரை வளைவில் ஆடுகள் குறுக்கே வர, பிரேக்கைப் பழைய சைக்கிள் நினைப்பில் அழுத்திப் பிடித்திருக்கிறாள். இந்த பிரேக் சட்டென்று கவ்விவிட்டது. சைக்கிள் கிலோமீட்டர் கல்லில் உரசி விழ, அவளும் விழுந்திருக்கிறாள். சொன்னால் திட்டுவேன் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

"திட்டு வாங்கிக்கலாம், அது பரவால்ல. சனிக்கிழமை நீங்க அதுலதான போனீங்க. முறியும்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

அவள் முழுக்கை சுடிதார் போட்டிருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அந்த வெயிலில் நான்கு நாளாக முழுக்கைதான் போட்டிருந்திருக்கிறாள். சுடிதார் கையை மேலே சுருட்டிவிடச் சொன்னேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுப் பக்கமாகப் பாதி தூரம் தோல் உரிந்து, காய்ந்து பக்கு கட்டியிருந்தது. கையை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே நீட்டினாள், எலும்புக்கு ஒன்றும் இல்லை. விரல் நீளக் கோட்டை எந்த மூலையில் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவன், தினமும் எனக்குச் சோறு போட்ட கையைப் பார்க்கவில்லை. "மருந்து போட்டியா?" என்று கேட்டேன்.

"மஞ்சள் போட்டேன்."

மெக்கானிக் புது ஃபிலிம் ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போனேன். டாக்டர் ஊசி ஒன்று போட்டு, நன்றாகவே ஆறி வருகிறது என்றார். பிறகு ஓட்டலுக்குப் போனோம். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு பசி. அவள் ஒரு பரோட்டா கூடக் கேட்டு வாங்கினாள்.

திரும்பும்போது வண்டி காலியாக வந்தது. அவளும் என்னோடு பின்னாலேயே ஏறிக்கொண்டாள். சாக்குகளை விரித்து, சைக்கிளை எங்கள் இருவர் காலுக்கும் நடுவில் படுக்கப் போட்டு உட்கார்ந்தோம். திண்டிவனம் தாண்டியதும் காற்று வந்தது. ஓட்டுவதற்கு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"விழறதுக்கு முன்னாடி வரைக்கும் நல்லா இருந்துச்சி. மிதிக்கவே வேணாம், அதுவே போவுது. அந்த ஏரிக்கரை இறக்கம் இருக்குதில்ல, அதுல எனக்குச் சிரிப்பு வந்துடுச்சி." பிறகு, "சீட்டுதான் உசரம்," என்றாள்.

எவ்வளவு இறக்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டு விரலை வைத்துக் காட்டினாள்.