எடை போடும் நாளில் அக்கா சொன்ன சொல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. எண்ணூரில் பிறந்தவர். அப்பா படகை விற்றுவிட்டுக் கூலி வேலைக்குப் போன காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, அத்திப்பட்டுக்கு அப்பால் ஒரு குப்பத்து அங்கன்வாடியில் பணியாளராகச் சேர்ந்தார். தம்பிகள் மூவரையும் கரையேற்றியது அந்தச் சம்பளம்தான். நேர்மையானவர், முன்கோபக்காரர். இரண்டாவதற்கு அடி வாங்கியவன் என்ற முறையில் நானே சாட்சி.

மாதம் ஒருநாள் கைக்குழந்தைகளுக்கு எடை போடுவார். செல்வி என்ற பெண்ணின் மூன்று மாதக் குழந்தைக்கு எடை ஏறவே இல்லை. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு கொடுப்பார்கள். "மாவ இன்னா பண்ற? வித்துத் துன்றியா?" என்று எல்லாத் தாய்மார்கள் எதிரிலும் அக்கா கேட்டுவிட்டார். செல்வி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் வரவே இல்லை.

அக்கா வீடு தேடிப் போனார். செல்வியின் கணவருக்கு அப்போது வேலை இல்லை. இருந்த மாவைக் கஞ்சி காய்ச்சி மூத்த பிள்ளைகள் இருவருக்கும் ஊற்றிவிட்டு, செல்வி சட்டியைக் கழுவிக் குடித்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் பால் எங்கிருந்து வரும்? ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்டார்.

"அத்தினி பேர் எதிர்ல, வூட்ல சோறு இல்லன்னு எப்டிக்கா சொல்றது?"

அக்கா அங்கேயே மன்னிப்புக் கேட்டார். மறுநாள் முதல் செல்வியை மதியம் மையத்துக்கு வரச்சொல்லி, தம் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தார். குழந்தையின் எடை மெல்ல ஏறியது. அதன்பின் ஒவ்வொரு தாயையும் தனியாக அழைத்துத்தான் எடை போட்டார். தாமதமாகிறது என்று மேலதிகாரி கடிந்துகொண்டபோதும் மாற்றிக்கொள்ளவில்லை.

புற்றுநோய் முற்றிய கடைசி வாரத்தில் அக்கா என்னிடம் சொன்னார்: "திட்னது ஊரு எதிர்ல. மன்னிப்பு கேட்டது வூட்டுக்குள்ள. அது செல்லாதுடா. எனுக்கு நினைவு மலர் போடுவீங்க இல்ல, அதுல எழுது."

மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும், தோள் கொடுத்த குப்பத்து அண்ணன்மார்களுக்கும் எங்கள் நன்றி.

பெயரை விட்டுவிடலாமா என்று செல்வியிடம் கேட்டேன். "பேரோட போடுணா. நா ஒன்னியும் விக்கலன்னு எல்லாருக்கும் தெர்யட்டும்" என்றார்.

செல்வி அவர்கள் எதையும் விற்கவில்லை. தவறு எங்கள் அக்காவுடையது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் அனைவர் எதிரிலும், அக்காவுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.