வெள்ளை மார்புக் காகம்

பறவை பார்க்க எண்ணூருக்குப் போகிற வழியில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கிறேன். இன்று அமாவாசை. மீன் விற்கும் செல்வியக்கா, இறந்துபோன அப்பாவுக்குப் படைத்த சோற்றைச் சுவர்மேல் இலையில் வைத்துவிட்டுக் காகத்தைக் கூப்பிடுகிறார். காகம் தொட்டால்தான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். படகடியில் மீன்குடல் குவிந்து கிடக்கும்போது, பருப்புச்சோற்றை எந்தக் காகம் சீண்டும்?

ஒன்று மட்டும் வருகிறது. நம் காகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. உடம்பெல்லாம் கன்னங்கரேல், மார்பும் பிடரியும் மட்டும் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை. படங்களில் மட்டுமே பார்த்திருந்த ஆப்பிரிக்கக் காகம்! அங்கேயும் சந்தை, குப்பைமேடு என்று மனிதர்களை ஒட்டியே வாழ்வது. கப்பலில் தொற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். மீனை நெருங்கவிடாமல் நம் காகங்கள் சற்றுமுன் விரட்டிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அது சோற்றைக் கொத்துகிறது. செல்வியக்கா கும்பிடுகிறார்.

"அக்கா, இது நம்ம ஊர் காக்கா இல்ல. ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்தது." வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சொல்லிவிடுகிறேன். படையலைக் கெடுத்துவிட்டேனோ என்று பிறகுதான் உறைக்கிறது.

"அப்டியா நைனா? பாவம், பசியோட வந்துக்கீது."

மீன் தின்று முடித்த உள்ளூர்க் காகம் ஒன்று பறந்துவந்து அதை இடித்துத் தள்ளுகிறது. செல்வியக்கா கையை ஓங்குகிறார்.

"போ அந்தாண்ட! இவ்ளோ நேரம் கூப்டுகினே இருந்தேனே, அப்ப எங்க பூட்ட?"