லிந்துலையில் ஒரு முதல் பரிசு

தலவாக்கலையில் ரயிலை விட்டு இறங்கியபோது காலை எட்டு மணி. டிசம்பர் குளிர் எலும்பைத் தொட்டது. லிந்துலைக்கு மூன்று மைல்; பஸ்ஸில் பதினைந்து சதம். அதற்கு மேல் தேயிலைக்குள் நடை. என் மனைவியின் தம்பி சிவலிங்கம் அங்கே தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். நானும் திருச்சியில் வாத்தியார்தான். சுதந்திரம் வாங்கி இரண்டு வருஷமான இந்தத் தீவு நாட்டில் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசை.

பார்த்தேன். ஒரு தகரக் கொட்டகை. ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே மாஸ்டர். பாடமெல்லாம் தமிழில் என்றதும் மனம் குளிர்ந்துபோனேன்.

அன்று பரிசளிப்பு விழா. ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தவள் ராசம்மா. புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டினேன், தங்குதடையில்லாமல் வாசித்தாள்.

"அடுத்து ஆறாவது எங்கேம்மா?"

"டவுன் பள்ளிக்கூடத்துலங்க. மாஸ்டர்தான் சேத்துவிடணும்."

சிவலிங்கம் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனான்.

"அங்க ஆறாவதுலேருந்து எல்லாம் இங்கிலீஷ்ல, மச்சான். இங்க இங்கிலீஷே கெடையாது. சேக்க மாட்டாங்க."

"நீ சொல்லிக் கொடேன்!"

"ஒருக்கா ஆரம்பிச்சேன். இவுங்களுக்கு எதுக்குன்னு தோட்டத்துத் தொரை நிறுத்திட்டாரு."

தமிழில் படிப்பு என்று பூரித்தேனே, அதுவே வேலியாக நிற்கிறது.

பதினோரு மணிக்குத் துரை வந்தார். மேசையில் துணி மூடிய பெரிய பரிசு. ராசம்மாவின் பெயரை அழைத்ததும் கூட்டத்திலேயே பலமாகக் கை தட்டியவன் நான்தான். துணியை எடுத்தார்கள். தேயிலை பறித்துப் போடும் புத்தம்புதிய கொழுந்துக் கூடை!

தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. வருஷா வருஷம் ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வரும் மாணவிக்கு இதுதான் பரிசாம். ராசம்மா கூடைக்குள் கைவிட்டு அடிவரைக்கும் துழாவினாள். புத்தகம் ஏதாவது இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

அவள் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மத்தவங்க காசு குடுத்து வாங்குறாங்க ஐயா. எம்மகளுக்குத் தொரை கையாலேயே கெடச்சிருக்கு. நாளைக்கே வேலைக்குப் பேர் பதியச் சொல்லிட்டாங்க."

மறுநாள் விடியலில் புறப்பட்டேன். வேலைக்கு ஆள் கூட்டும் தப்பு மேளச் சத்தம் கேட்டது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்து வரிசையில் ராசம்மாவும் நின்றாள். கூடை அவள் முழங்கால்வரை தொங்கியது. என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

திருச்சியில் என் மகளும் இந்த வருஷம் ஐந்தாம் வகுப்புதான். முதலாவதாகவெல்லாம் வரமாட்டாள், கணக்கு சுத்தமாக வராது. ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குப் போவாள்.