முன் சீட்டில் ஒருவருக்கு இடம்

சுனாமி வந்து இரண்டு கிழமை இருக்கும். மட்டக்களப்பு புளியந்தீவிலிருந்து கதிரவெளிக்கு அரிசி, பருப்பு கொண்டுபோகும் நிவாரண லொறிகளுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். பிரேக், டயர் பார்ப்பது, மூட்டைகளுக்கு மேல் ஆட்களை ஏறவிடாமல் தடுப்பது எல்லாம் என் வேலை. கடைசி வேலைதான் பெரும்பாடு. பஸ் இல்லாத பக்கங்களில் லொறியைக் கண்டதும் சனம் மேலே ஏறிவிடும், சாரதிகளும் மறுக்கமாட்டார்கள். அப்படிப் போன ஒருவர் வளைவில் விழுந்து இடுப்பு முறிந்து கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். அதனால் யாருக்கும் மசியமாட்டேன். சாரதிகள் எனக்கு ‘பொலிஸ் மிஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அன்று காலை வழியில் ஓட்டமாவடிப் பாலத்தடியில் ஒரு பெண் எங்கள் லொறியை மறித்தார். கடல் வந்த நாளில் அவர் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். கதிரவெளியில் அக்காவிடம் விட்டுவந்த மகளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஓட்டமாவடிக்கு அப்பால் பஸ்ஸும் இல்லை.

“மூட்டைக்கு மேல ஒரு ஓரமா இரிக்கன் மிஸ். புள்ள இரிக்காளா இல்லையா எண்டு பாக்கணும்.”

முடியாது என்றேன். நீங்கள் விழுந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்று விளக்கம் வேறு சொன்னேன். அவர் அழவில்லை. லொறிக்கு முன்னாலிருந்து விலகவும் இல்லை.

அதிகம் பேசாத எங்கள் சாரதி எஞ்சினை நிறுத்தினார்.

“மிஸ், சட்டப்படி முன்னுக்கு என்னோட ஒராள் இரிக்கலாந்தானே?”

ஓம் என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒராள் நான். மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் கியர் போட முடியாது.

இறங்கினேன். அந்தப் பெண் ஏறினார். மூட்டைகளை இறக்கிக் கொடுக்கும் பொறுப்பைச் சாரதியிடம் விட்டுவிட்டுத் தெருவோரத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், “சட்டம் பேசின ஆளயே றோட்டில இறக்கிப்போட்டுப் போயிட்டானே தங்கச்சி” என்று சிரித்தார். கேட்காமலே பிளேன்டீயும் பணிஸும் கொண்டுவந்து வைத்தார். என்னால் சாப்பிட முடியவில்லை.

பின்னேரம் லொறி திரும்பி வந்தது. முன் சீட்டு காலியாக இருந்தது.

“புள்ள பள்ளிக்கூட முகாமில இரிக்காள் மிஸ்” என்றார் சாரதி. “தாயக் கண்டதும் ஓடி வரல்ல. கோவத்தில மற்றப் பக்கம் திரும்பி நிண்டுட்டாள்.”

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணின் அக்காவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்றைக்கும் மூட்டைகளுக்கு மேல் யாரையும் ஏறவிடமாட்டேன். ஆனால் ஒருவரிடம் முடியாது என்று சொல்வதற்கு முன், நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.