தீம் பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு தியான இல்லம்

எங்கள் குடும்பம் முதன்முதலாகக் காசு கொடுத்து ஓர் அறையில் தங்கியதற்கு என் தம்பியின் வயிறுதான் காரணம். பஸ் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. ராயபுரத்திலிருந்து பிராட்வே போய்ச் சேர்வதற்குள்ளேயே காலையில் சாப்பிட்டதை ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்துவிடுவான். அப்படிப்பட்டவனை பிராட்வேயில் ஒரு பஸ், திருவான்மியூரில் இன்னொரு பஸ் என்று ஏற்றி இறக்கி, கடற்கரைச் சாலையில் இருந்த தீம் பார்க்குக்குக் கொண்டுபோய், சாயங்காலம் அதே வழியில் திரும்பக் கொண்டுவர வேண்டும். மறுநாளும் அதையே செய்ய வேண்டும். ஏனென்றால் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு நாள் பாஸ்.

பாஸ் கொடுத்தது அப்பா வேலை செய்த கன்டெய்னர் யார்டு. அப்பா அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அந்த வருஷம் யார்டில் ஒரு விபத்துகூட நடக்கவில்லை என்று முதலாளிக்கு மனம் குளிர்ந்து, ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு குடும்ப பாஸ் கொடுத்தார். நான்கு பேர், அடுத்தடுத்து இரண்டு நாள். அதை நான் மறுநாளே பள்ளிக்கூடத்தில் சொல்லி முடித்திருந்தேன். ஆறாம் வகுப்பில் யாரும் தீம் பார்க்கைப் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்ன ஒருத்தியும் பஸ்ஸிலிருந்து அதன் கேட்டைத்தான் பார்த்திருந்தாள்.

அம்மா, ஒரு நாள் போதும் என்றாள். அவள் காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்தாள். அங்கே ஒரு நாள் லீவு வாங்குவதற்கே மேஸ்திரியிடம் நான்கு நாள் நல்ல பேச்சு பேச வேண்டும். அதைவிடப் பெரிய கவலை தண்ணீர். எங்கள் தெருவுக்கு லாரி விடியற்காலையில் வரும். அதற்கு முன்பே எழுந்து குடங்களை வரிசையில் வைத்துக் காவல் நிற்பாள். இரண்டு நாள் ஆள் இல்லையென்றால் வரிசையில் நம் இடத்தை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்பது அவள் பயம்.

"ரெண்டு நாளிக்கி குட்த்துகிறான். ஒரு நாள வேஸ்ட் பண்ணா குட்த்தவனுக்கு இன்னா மரியாத?" என்றார் அப்பா.

அப்பாவுக்கு இந்த மாதிரி மரியாதைகள் முக்கியம். பார்க்குக்குப் பக்கத்திலேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிவிடுவது என்று அவரே முடிவு செய்தார். ரூம் எடுப்பது எப்படி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வேளாங்கண்ணிக்குப் போனால்கூட மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்து எழுந்து வந்தவர்கள் நாங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு ரூம் பார்க்கக் கிளம்பினார். ஈஸ்டருக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தார். போர்டு ஏதாவது இங்கிலீஷில் இருந்தால் படித்துச் சொல்லத்தான் நான்.

முதலில் பார்த்தது பார்க்கை ஒட்டியே இருந்த பெரிய ஓட்டல். உள்ளே போவதாக எண்ணமே இல்லை. ஆனால் வாசலில் நின்றிருந்தவர் எங்களைப் பார்த்து சல்யூட் அடித்துவிட்டார். அதற்குப் பிறகு திரும்பிப் போவது எப்படி? உள்ளே இருந்த பெண் ஓர் அட்டையை எடுத்து எங்கள் முன் வைத்தாள். நான் அதிலிருந்த வாடகையைப் படித்துச் சொன்னேன்.

"அது போன் நம்பரா இருக்கும் கண்ணு, நல்லாப் பாரு" என்றார் அப்பா, என் காதருகில்.

அது போன் நம்பர் இல்லை. அந்தப் பெண் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வெளியே வந்தோம். வாசலில் மறுபடியும் சல்யூட் கிடைத்தது.

அடுத்தது பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு சாதாரண லாட்ஜ். படியேறும்போதே அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். மேனேஜருக்கு முன்னால் நின்று, "ஐயா, இரண்டு நாட்களுக்கு ஓர் அறை வேண்டும். குடும்பத்தோடு வருகிறோம்" என்றார். ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல இருந்தது. அப்பாவின் வாயிலிருந்து அப்படி ஒரு தமிழ் வந்து நான் கேட்டதே இல்லை. சிரிப்பை அடக்குவதற்காக நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

"எங்கருந்து வர்றீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"இராயபுரம். துறைமுகத்தில் பணி."

மேனேஜர் நிமிர்ந்து அப்பாவை ஒருமுறை பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு நோட்டை மூடி, எல்லா ரூமும் நிரம்பிவிட்டது என்றார். நான் பார்த்துக்கொண்டிருந்த சுவரில் ஒரு பலகை இருந்தது, அதில் ஆணிக்கு ஒன்றாகச் சாவிகள் தொங்கின. எனக்கு எண்ணத் தெரியும் என்பதைக் காட்ட நல்ல சந்தர்ப்பமாகத் தோன்றியது.

"அப்பா, அங்க பதிமூணு சாவி தொங்குது" என்றேன்.

"அதெல்லாம் ரிப்பேர் ரூம் பாப்பா" என்றார் மேனேஜர்.

அப்பா, "சரிங்க ஐயா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பெட்டிக்கடையில் நான் கேட்காமலே எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். பதிமூன்று ரூமும் ஒரே சமயத்தில் எப்படி ரிப்பேர் ஆகும் என்று கேட்டேன். "கடக்கர காத்து கண்ணு. எல்லாம் துரு புடிச்சிக்கும்" என்றார். எங்கள் வீட்டிலும் எல்லாம் துருப்பிடிக்கும் என்பதால் நான் ஒத்துக்கொண்டேன்.

பெட்டிக்கடைக்காரர்தான் சொன்னார், சவுக்குத்தோப்புக்குள் போகிற சந்தில் சிஸ்டர்கள் நடத்துகிற தியான இல்லம் ஒன்று இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று. போனோம். வயதான ஒரு சிஸ்டர் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, ஹோஸ் பைப்பால் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தப் பங்கு நீங்க?" என்று கேட்டார். அப்பா நாங்கள் பூசைக்குப் போகிற கோயில் பெயரைச் சொன்னார். "தியானத்துக்கா?" என்றார் அடுத்தபடியாக.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்கே தெரிந்தது. அப்பா தலையைச் சொறிந்தார்.

"இல்ல சிஸ்டர். பொய் சொல்லி இன்னாத்துக்கு. தீம் பார்க்கு பாக்க வந்துகிறோம்" என்று ஆரம்பித்து பாஸ், யார்டு, பஸ், தம்பியின் வயிறு என்று எதையும் விடாமல் தன் சொந்தத் தமிழில் சொன்னார். லாட்ஜைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சிஸ்டர் நடுவிலேயே பைப்பை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். தியானத்துக்கு வருகிறவர்களுக்குத்தான் இங்கே ரூம் கொடுப்பது வழக்கம், ஆனால் மாடியில் ஒன்று சும்மாதான் கிடக்கிறது என்றார். வாடகை என்று இல்லை, முடிந்ததை உண்டியலில் போடலாம். ஏழு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். நாங்கள் வருகிற நாட்களில் முப்பது பேர் மௌன தியானத்தில் இருப்பார்கள். அதனால் ரூமுக்கு வெளியே யாரும் பேசக் கூடாது, சாப்பிடுகிற இடத்திலும்.

"நீ பேசாம இருப்பியா?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன். தம்பி வந்திருக்கவில்லை. அவன் சார்பில் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

ரூமில் நான்கு இரும்புக் கட்டில்கள் இருந்தன. ஜன்னலுக்குப் பக்கத்துக் கட்டில் எனக்கு என்று நான் முடிவு செய்துகொண்டிருந்தபோது, அப்பா பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. மூடினார். மறுபடி திறந்தார். கையை நீட்டி ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"நாள் பூரா வருமா சிஸ்டர்?"

"கெணத்துல இருந்து மோட்டார் போடுறோம். வரும்."

"இத்தே போதும் சிஸ்டர்" என்றார் அப்பா. மற்ற இரண்டு இடங்களிலும் அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நாங்கள் நால்வரும் போன முதல் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், பஸ்ஸில் மூன்று முறை வாந்தி எடுத்த என் தம்பி, உச்சிக்கு ஏறித் தலைகீழாக இறங்குகிற ராட்டினத்தில் நான்கு முறை ஏறி இறங்கி, ஐந்தாவது முறைக்கு வரிசையில் நின்றான். நான் தண்ணீர்ச் சறுக்கில் முழங்கை தேய்ந்துபோகும் அளவுக்குச் சறுக்கினேன். அலைக் குளத்தில் இறங்க வேண்டுமென்றால் அவர்கள் கொடுக்கிற நைலான் உடையைத்தான் போட வேண்டும். அம்மா அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்கோ ஆடுங்கோ, நான் பாத்துகினு கீறேன்" என்று, எங்கள் செருப்புகளையும் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பா இரண்டு மூன்று முறை போய், தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது பேர் தலை குனிந்து சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி வாயைத் திறக்காமல்தான் இருந்தான். ஆனால் அன்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்குத் தலையே வெடித்துவிடும். அதனால் ஸ்பூனை எடுத்து, தட்டின் விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல மேலே ஏற்றினான். உச்சியில் நிறுத்தினான். கண்களை அகல விரித்தான். பிறகு ஸ்பூன் தலைகீழாக வந்து ரசத்தில் விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் முதலில் பார்க்காததுபோல இருந்தார். இரண்டாவது முறை ஸ்பூன் விழுந்தபோது அவர் தோள்கள் குலுங்கின. மூன்றாவது முறை அவருக்குப் புரையேறிவிட்டது. அந்த வரிசையே உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தது.

சிஸ்டர் எங்களை நோக்கி வந்தார். வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தம்பியின் தட்டில் இன்னொரு அப்பளத்தை வைத்துவிட்டு, தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அதற்குள் அம்மா எங்களுக்குப் பரிமாறுவதற்காகச் சாம்பார் வாளியை எடுக்க எழுந்துவிட்டாள். சிஸ்டர் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்து, அவரே அவள் தட்டில் சோறு போட்டுச் சாம்பார் ஊற்றினார். சூடான சோற்றுக்கு முன்னால் அம்மா கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஆறிப்போகட்டும் என்று காத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஜன்னல் வழியே நல்ல வெயில் வந்தபிறகும் அம்மா படுத்தே இருந்தாள். சூரியன் வந்தபிறகு அம்மா படுத்திருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு முதலில் பயமாகவும், காரணம் தெரிந்ததும் கோபமாகவும் இருந்தது.

"தல வலிக்கிது கண்ணு. நீங்கோ போய்ட்டு வாங்கோ" என்றாள்.

நாங்கள் இவ்வளவு அலைந்து ரூம் பிடித்தது எதற்காக? ஒருத்தருடைய ஒரு நாள் பாஸ் அப்படியே வீணாகப் போகிறதே. "நீ எப்பவுமே இப்டித்தான். உன்னாலதான் எல்லாம் கெடுது" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து அறைக் கதவு திறந்து, ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. நான் அப்பாவைப் பார்த்தேன். ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது என்று சொன்னவர் அவர். அவர் அம்மாவை எழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

"வுடு கண்ணு, அம்மா இர்க்கட்டும்" என்று சொல்லி எங்களை வெளியே கூட்டிப்போனார்.

அன்று அப்பா என்னோடு அங்கிருந்ததிலேயே பெரிய ராட்டினத்தில் ஏறினார். இறங்குகிறவரை கண்ணைத் திறக்காமல் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இடையிடையே அம்மா மேல் இருந்த கோபம் ஞாபகம் வரும்போது மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வேன்.

ரூமைக் காலி செய்ய நான்கு மணிக்குத் திரும்பினோம். அம்மா ரூமில் இல்லை. சவுக்குத்தோப்புக்குப் பின்னால், மணலில், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். கூந்தலை விரித்துக் காற்றில் காயவிட்டிருந்தாள். ஐஸிலும் இறால் முள்ளிலும் வெளுத்துப்போன இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன. அவள் கைகள் சும்மா இருந்ததும் எனக்குப் புதிதாகத்தான் இருந்தது. காய்ச்சலாக இருக்குமோ என்று தொட்டுப் பார்த்தேன். இல்லை.

பத்து மணிவரை தூங்கினாள், பிறகு ஒரு மணி நேரம் குளித்தாள், சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள் என்று சிஸ்டர் அப்பாவிடம் சொன்னார். தலைவலி மாத்திரை கொடுத்தும் வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். அப்பா உண்டியலில் போட்டார். பிறகு சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவையும் போட்டார். சிஸ்டர் தம்பியின் பயணத்துக்காக நான்கு எலுமிச்சம்பழங்கள் கொடுத்தார். அடுத்த தடவை தியானத்துக்கும் வாருங்கள் என்றார்.

அதன்பிறகு நாங்கள் அங்கே போகவில்லை. வேலைக்குப் போய், ஊர் ஊராக அலைந்து, சல்யூட் அடிக்கிற ஓட்டல்களிலும் தங்கிவிட்டேன். ஒவ்வொரு ரூமிலும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து பார்க்கும்போது அந்தச் சிஸ்டரை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அன்று திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அம்மாவுக்குப் பக்கத்தில், அவளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அவள்மேல் சோப்பு வாசனை மட்டும் அடித்தது. இறால் வாசனை கொஞ்சமும் இல்லை. அடையாறு தாண்டியதும் என் கோபம் தீர்ந்துவிட்டது.

"தலவலி போய்ட்ச்சாம்மா?" என்று கேட்டேன்.

"போய்ட்ச்சி" என்றாள்.

தம்பியோடு முன் சீட்டில் இருந்த அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். அப்பா ராட்டினத்தில் போட்ட கூச்சலைப் பற்றி யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்தும், ரூம் எடுத்தும், ஒரே ஒரு ராட்டினத்தில்கூட ஏறாமல் திரும்புகிறாளே, பாவம் அம்மா என்று இரக்கப்பட்டு, அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன்.