நான்கு விளக்கும் எரிந்த கார்

காரைக்குடியில் திருப்பத்தூர் ரோட்டோரம், ஒரு வேப்பமரத்தடியில் தகரப்பெட்டியை வைத்துக்கொண்டு கார், லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்தவர் மீரான் சாகிபு. பினாங்கில் கற்ற தொழில். ஜப்பான் சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்தது ஒரு பழைய மீட்டரும், பீஸ் இல்லாமல் ஒயர் இழுக்க மாட்டேன் என்ற பிடிவாதமும்தான். பீஸ் என்பது ஒரு துண்டு மெல்லிய கம்பி. கரண்ட் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் அது முதலில் உருகி, வண்டியைக் காப்பாற்றிவிடும். மற்றவர்கள் அந்தச் செலவு எதற்கு என்று நேராக முறுக்கிவிட்டுப் போவார்கள். இவர் மாட்டார். ஊரில் இவரை மெச்சினார்கள். வேலையை மட்டும் மற்றவர்களிடம் கொடுத்தார்கள். மெச்சுவதற்குக் காசா பணமா?

வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. மழை வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர் டீக்கடைக்கு ஓட வேண்டும். தலைக்கு மேல் ஒரு கூரை, நிலையான வேலை, இவ்வளவுதான் அவர் துஆவில் கேட்டதெல்லாம்.

அறுபத்தேழாம் வருஷம் தை மாதம் அது வந்தது போலத்தான் இருந்தது. நான்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்த வயிரவன் செட்டியார் மகனுக்குக் கல்யாணம். மறுநாள் விடியுமுன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இளையாத்தங்குடிக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். அந்த வருஷம் விடிகாலையில் ரோடே தெரியவில்லை. போவதோ செட்டியாருடைய அப்பச்சி காலத்துக் கார்.

"சாயபு, பனிக்கு மஞ்ச லைட்டு ரெண்டு போட்டுத் தாங்க. வேலை சுத்தமா இருந்துச்சுன்னா நம்ம நாலு பஸ்ஸு வேலையும் இனிமே ஒங்ககிட்டத்தான். ஷெட்டுலயே ஒரு பக்கமா உக்காந்துக்கிடுங்க" என்றார் செட்டியார்.

மதுரைக்குப் போய் விளக்குகளை வாங்கிவந்தார் மீரான் சாகிபு. பம்பருக்குக் கீழே, முழங்காலுக்கும் தாழ்வாக இரும்புப் பட்டை அடித்து மாட்டினார். பனி தரையை ஒட்டி மெலிந்திருக்கும். வெளிச்சம் அதற்கடியில் நுழைந்து போக வேண்டும். பேட்டரியிலிருந்து தனி ஒயர், அதற்குத் தனி பீஸ். கிழட்டு டைனமோ நான்கு விளக்கைத் தாங்காது. தாங்கினாலும் பெரிய விளக்கின் வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். ஆகவே மஞ்சள் விளக்கைப் போட்டதும் பெரிய விளக்கு தானாக அணைகிற மாதிரி ஒரு சுவிட்ச் வைத்தார். டிரைவர் பெத்தனைக் கூப்பிட்டு மூன்று தடவை போட்டுக் காட்டினார்.

"ரெண்டையும் சேத்து எரிய விட்றாதீக பெத்தா. வண்டி தாங்காது."

"சரிங்க பாய்" என்றான் பெத்தன்.

மறுநாள் விடிகாலை, ஆலாத்தி எடுத்துக் காரில் ஏற்றும்போது பெத்தன் சுவிட்சைப் போட்டான். பெரிய விளக்கு இரண்டும் அணைந்தன. மாப்பிள்ளையின் ஆச்சி பார்த்துவிட்டார்.

"பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டு, கண்ணு ரெண்டையும் மூடிக்கிட்டா கோயிலுக்குப் போறது? நல்லாவா இருக்கு?"

அந்த வீட்டில் ஆச்சி சொல்லுக்கு மறுசொல் கிடையாது. செட்டியார் பெத்தனைப் பார்த்தார். பெத்தன் இரண்டு ஒயரை அவிழ்த்து ஒன்றாக முறுக்கினான். நான்கு விளக்கும் எரிந்தன, எல்லோருக்கும் மனம் குளிர்ந்தது. தெருமுனை திரும்புமுன் பீஸ் உருகிப் போனது. முன்சீட்டில் இருந்த செட்டியார் மடியிலிருந்த மலேயா சிகரெட் பெட்டியைத் திறந்து, தங்கக்கோடு போட்ட வெள்ளித்தாளைக் கிழித்துக் கொடுத்தார். "இதைச் சுத்தி மாட்டுடா. நேரம் போவுது." பெத்தன் சுற்றி மாட்டினான். இனி உருகுவதற்கு ஒயரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

குன்றக்குடி தாண்டியதும் கால்மாட்டில் புகை வந்தது. அடுத்த நொடி எல்லா விளக்கும் செத்தன. பனிக்குள் கார் ஒரு புளியமரத்தில் போய் மோதியது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். புதுப்பெண்ணுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. கோயில் வாசலை மிதிக்குமுன்னே கை ஒடிந்த மருமகள். ஊர் வாய் சும்மா இருக்குமா? சூரியன் மேலே வருவதற்குள், சாயபு போட்ட லைட்டு காவு வாங்கப் பார்த்தது என்று பேச்சாகிவிட்டது.

காரைக் கட்டி இழுத்து ஷெட்டில் போட்டிருந்தார்கள். ஆள் அனுப்பி மீரான் சாகிபுவை வரவழைத்தார் செட்டியார். சுற்றிலும் கண்டக்டர், கிளீனர், பங்காளிகள் என்று இருபது பேர். அவர் குனிந்து பீஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே கருகிய வெள்ளித்தாள், ஓரத்தில் தங்கக்கோடு. அந்த மலேயா சிகரெட் ஊரில் யார் மடியில் இருக்கும் என்று அங்கிருந்த கிளீனருக்குக்கூடத் தெரியும். பெத்தனைப் பார்த்தார். அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாளை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். காட்டினால் இருபது பேர் முன்னால் செட்டியார் மானம் போகும். மானம் போனவர் வேலை கொடுப்பாரா? காப்பாற்றினால் மறக்கமாட்டார், பெரிய மனுஷர். இப்படித்தான் மீரான் சாகிபு கணக்குப் போட்டார். கரண்ட் எங்கே எப்படிப் பாயும் என்று தெரிந்த அளவு அவருக்கு மனுஷரைத் தெரியவில்லை.

"என் கைப்பிசகுதான் முதலாளி" என்றார்.

செட்டியார் நிம்மதியாக மூச்சு விட்டார். முகம் தெளிந்தது. பிறகு அதுவரை சொன்ன 'நீங்க'வை விட்டுவிட்டுச் சொன்னார்: "பிசகுன்னு நீயே சொல்லிட்ட. பிசகுற கையில நாலு பஸ்ஸை நம்பி எப்படி விடுறது சாயபு? போயிட்டு வா."

வீட்டில் அவர் மனைவி ஆசியா பீவி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை அங்குட்டே காட்டிருக்கலாம்ல?"

"அவுக மானம் போயிருக்கும்."

"இப்ப யாரு மானம் போயிருக்கு?" என்றாள். அவள் சோறு போட்டாள்; அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பெயர் 'லைட்டணைச்ச சாயபு'. கல்யாண வண்டி எதுவும் அந்த மரத்தடியில் நிற்காது. லாரிக்காரர்கள் வந்தார்கள், பேரம் பேசினார்கள், பழைய கதையைச் சொல்லிக் கூலியைக் குறைத்தார்கள். ஷெட்டில் பெத்தனின் மச்சான் உட்கார்ந்தான். அவனுக்குப் பீஸ் பிடிக்காது.

எட்டு வருஷம் கழித்துச் செட்டியார் செத்துப்போனார். கருமாதி முடிந்து சில நாள் சென்று, மீரான் சாகிபு டீக்கடையில் இருந்தபோது பெத்தன் அங்கே வந்தான். அவனுக்கும் அதற்குள் வேலை போயிருந்தது. "பாய் மேல தப்பே இல்ல. வெள்ளித்தாளைக் குடுத்தது முதலாளி, சுத்துனது நான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான்.

மீரான் சாகிபு ரோட்டைக் கடந்து ஓடிப்போய்த் தகரப்பெட்டியின் அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்து விரித்தார். தங்கக்கோடு இன்னும் தெரிந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் மாயக்கண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அதெப்படிங்க பாய்? அன்னைக்கு நீங்களேதான ஒத்துக்கிட்டீக?" என்று கேட்டார்.

ஆமாம் என்று மற்றவர்களும் சொன்னார்கள். மீரான் சாகிபு தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எதிரே மரத்தடியில் ஒரு லாரி வந்து நின்றது, அவர் எழுந்து போனார்.